உள் மாட்யூலில் எழுதிய ரெப்பாசிட்டரியை கம்போசர் ஏன் கண்டுகொள்வதில்லை?

கேள்வி: பிஎச்பி செயலியை மாட்யூல்களாகப் பிரித்திருக்கிறோம். பில்லிங் மாட்யூலுக்கு வரி மாட்யூல் தேவை. அது இருக்கும் இடத்தை பில்லிங்கின் கம்போசர்.ஜேசனிலேயே (பேக்கேஜ்களை நிறுவும் கம்போசர் கருவி படிக்கும் கோப்பு) கொடுத்தும், மெயின் செயலியில் இன்ஸ்டால் செய்தால் வரி பேக்கேஜ் கிடைக்கவில்லை என்கிறது. எல்லா இடங்களையும் மெயினில் கையால்தான் சேர்க்க வேண்டுமா?

பதில்: உங்கள் அமைப்பில் பிழை இல்லை. பேக்கேஜ்கள் இருக்கும் இடங்களைச் சொல்லும் 'ரெப்பாசிட்டரீஸ்' பகுதியை கம்போசர் மெயின் ஜேசனில் மட்டுமே படிக்கும். சார்பு பேக்கேஜ்களில் இருப்பதைப் படிக்காது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எங்கோ ஆழத்தில் இருக்கும் ஒரு பேக்கேஜ், உங்களுக்குத் தெரியாமல் புது இடத்திலிருந்து நிரலை இறக்கினால் யார் பொறுப்பு?

ஆனால் கையால் ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தேவையில்லை. மாட்யூல்கள் ஒரே கோப்புறைக்குள் இருந்தால், மெயினில் 'பாத்' வகை ரெப்பாசிட்டரி ஒன்று போதும்: கோப்புறைப் பெயர், சாய்வுக்கோடு, நட்சத்திரக் குறி. நாளை புது மாட்யூல் வந்தாலும் அதன் இடம் தானாகத் தெரிந்துவிடும். இடம் தெரிந்தாலே இன்ஸ்டால் ஆகிவிடாது. ஏதாவது ஒரு 'ரெக்வயர்' (தேவையான பேக்கேஜ்களின் பட்டியல்) அதைக் கேட்க வேண்டும்.

இதைச் செய்த பிறகும் பலர் மாட்டிக்கொள்வது பதிப்பு எண்ணில்தான். மாட்யூலின் ஜேசனில் பதிப்பு இல்லையென்றால், கம்போசர் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) கிளையைப் பார்த்து 'டெவ்-மெயின்' மாதிரி, இன்னும் உருவாக்கத்தில் இருக்கும் பதிப்பு ஒன்றை ஊகிக்கும். மெயினின் குறைந்தபட்ச நிலைத்தன்மை 'ஸ்டேபிள்' என்றால் அது நிராகரிக்கப்படும். அப்படிப்பட்ட பதிப்பை அனுமதிக்கும் 'அட் டெவ்' (@dev) குறியை பில்லிங்கில் போட்டாலும் பயனில்லை, அந்தக் குறியும் மெயினில்தான் செல்லுபடியாகும். நான் சொல்வது: மாட்யூல் ஒவ்வொன்றிலும் பதிப்பை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மெயினில் குறைந்தபட்ச நிலைத்தன்மையை 'டெவ்' ஆக்கி, 'பிரிஃபர்-ஸ்டேபிள்' (நிலையான பதிப்புக்கு முன்னுரிமை) சேர்க்கலாம். எதனால் தடைபடுகிறது என்று புரியாதபோது 'கம்போசர் வொய்-நாட்' கட்டளை சொல்லும்.

மாட்யூல்கள் தனித்தனி கிட் களஞ்சியங்களில் இருந்தால் சாடிஸ் (சொந்த பேக்கேஜ்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் உருவாக்கும் கருவி) வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. உள் ஜேசன்களை மெயினோடு இணைக்கும் விக்கிமீடியாவின் மெர்ஜ் பிளகினும் உண்டு (கம்போசர் 2.2 முதல் பிளகினுக்குத் தனி அனுமதி தர வேண்டும்). அவசியம் இல்லாமல் அதற்குப் போக மாட்டேன். எந்த மாட்யூல் எதைக் கேட்டது என்ற தடம் மங்கிவிடும்.

அப்புறம், பாத் ரெப்பாசிட்டரி இயல்பாக, நகல் எடுக்காமல் சிம்லிங்க்தான் (அசல் கோப்புறையைச் சுட்டும் இணைப்பு) போடும். பேக்கேஜ்கள் நிறுவப்படும் வெண்டார் கோப்புறையை மட்டும் சர்வருக்கு நகலெடுத்தால் அந்த இணைப்பு உடையும். அப்படி டிப்ளாய் செய்கிறீர்கள் என்றால், அதே ரெப்பாசிட்டரியின் ஆப்ஷன்ஸில் 'சிம்லிங்க்' மதிப்பை 'ஃபால்ஸ்' என்று வையுங்கள்.