கப்பல் ஒரு நாள்தான் நிக்குது, சொந்தமா ஊர் சுத்தலாமா? கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே, தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த்துலேர்ந்து எழுதுறேன். பிப்ரவரில நாங்க ஆறு பேர் கப்பல்ல வர்றோம். மொரிசியஸ் போர்ட் லூயிஸ்ல காலைல 8க்கு கட்டி சாயங்காலம் 6க்கு கெளம்புது. கப்பல்காரங்க டூர் ஆளுக்கு 75 டாலர், ஆறு பேருக்கு 450 ஆகுது. வெளில வண்டி பேசினா பாதிகூட ஆகாதுன்னு தம்பி சொல்றான், கப்பல விட்டுட்டா என்ன பண்றதுன்னு வீட்டுக்காரர் பயப்படுறார். மாமியாருக்கு 74 வயசு, ரொம்ப நடக்க முடியாது. ஆப்ரவாசி காட் (அந்தக் காலத்துல ஒப்பந்தக் கூலிங்க வந்து இறங்கின எடம்), ஒரு கோயில், ஒரு பீச், இது போதும் எங்களுக்கு. என்ன பண்ணலாம்?

பதில்: வணக்கம்மா. உங்க தம்பி சொல்றது சரி, வீட்டுக்காரர் பயப்படுறதும் நியாயந்தான். கப்பல்காரன் டூர்ல போன பஸ் லேட்டானா கப்பல் காத்திருக்கும், இல்லன்னா அவங்க செலவுல உங்கள அடுத்த துறைமுகத்துல கொண்டுபோய் சேப்பாங்க. நீங்களா பேசின வண்டி லேட்டானா கப்பல் போயிடும், அப்புறம் ஆறு பேருக்கும் கப்பல் அடுத்து நிக்கிற ரீயூனியன் தீவுக்கு விமான டிக்கெட் உங்க செலவு. அந்த 450 டாலர்ல ஒரு பங்கு இந்த உத்தரவாதத்துக்குத்தான் வாங்குறான். அது உங்களுக்கு வேணுமா வேணாமாங்கிறது எவ்வளவு தூரம் போறீங்கங்கிறதப் பொறுத்தது.

முதல்ல நேரத்த பின்னாலேர்ந்து எண்ணுங்க. 6க்கு கெளம்புதுன்னா 6 மணி வரைக்கும் டைம் இருக்குன்னு அர்த்தம் இல்ல, எல்லாரும் ஏறியாகணும்னு ஒரு நேரம் போடுவான், அது பெரும்பாலும் அரை மணியோ ஒரு மணியோ முன்னாடி, தினமும் ராத்திரி ரூமுக்கு வர்ற தாள்ல இருக்கும். நீங்க 4 மணிக்கெல்லாம் டெர்மினல் வாசல்ல நிக்கிற மாதிரி வெச்சுக்குங்க, ஏன்னா மூணரைக்கு மேல போர்ட் லூயிஸ் சுத்தி டிராஃபிக் எப்படி இருக்கும்னு இங்க தினமும் வேலைக்குப் போய்ட்டு வர்றவன கேட்டாத்தான் தெரியும். காலைல 8க்கு கட்டினாலும் பேப்பர் வேலை முடிஞ்சு வெளில வர 9 ஆயிடும். ஆக கையில இருக்கிறது ஏழு மணி நேரம்.

இன்னொன்னு, வாட்ச். மொரிசியஸ் உங்க ஊர விட 2 மணி நேரம் முன்னாடி. கப்பல்ல கடிகாரத்த மாத்திட்டாங்களான்னு அந்தத் தாள்ல பாத்துக்குங்க. கப்பல் இங்கத்த நேரத்துக்கு மாறியிருந்து உங்க மாமியார் கைக்கடிகாரம் மட்டும் டர்பன் நேரத்துலயே இருந்துச்சுன்னா அதுல 4 மணி காட்டும்போது கப்பல் கெளம்பிடும்.

ஏழு மணி நேரத்துக்கு வடக்குப் பக்கம் மட்டும் போங்க. லெ மோர்ன், ஷமரெல், கிராண்ட் பாசின் ஏரின்னு டிரைவருங்க ஆசை காட்டுவாங்க, அதெல்லாம் தெக்கு, தென்மேற்குப் பக்கம், அங்க போனா பாதி நாள் வண்டிலயே போயிடும். ஈல் ஓ செர்ஃப் தீவு இன்னும் மோசம், கிழக்குக் கரைக்குப் போயி அங்கேர்ந்து படகு பிடிக்கணும், கப்பல் நிக்கிற நாள்ல அத நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காலைல முதல் வேலையா ஆப்ரவாசி காட். 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது, கோடான் வாட்டர்ஃபிரண்ட்லேர்ந்து (துறைமுகக் கரையோரக் கடைவீதி) பக்கம், உள்ள போக காசு கிடையாது, ஆனா ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும். 1860ல டர்பனுக்கு ட்ரூரோ கப்பல் கூலி ஆளுங்கள ஏத்திக்கிட்டு மெட்ராஸ்லேர்ந்து வந்துச்சே, அதே ஒப்பந்தக் கூலி ஏற்பாடு அதுக்கு கால் நூற்றாண்டுக்கு முன்னாடியே இங்க ஆரம்பிச்சாச்சு. அவங்க ஏறி வந்த 16 கல் படி இன்னும் இருக்கு, உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு அத காட்டுங்க. அப்புறம் நடை சாத்துறதுக்கு முன்னாடி போர்ட் லூயிஸ் கைலாசம் கோயிலுக்குப் போய்ட்டு (அன்னைக்கு காலைல கப்பல் பஃபேல கறி மீன் பக்கம் போகாதீங்க), அங்கேர்ந்து பாம்பிள்மூஸ் தாவரவியல் தோட்டம், பத்து பன்னெண்டு கிலோமீட்டர்தான், தரை சமமா இருக்கிறதால மாமியார் மெதுவா நடந்து அந்தப் பெரிய அல்லி இலைகளப் பாத்துட்டு வந்துடலாம். மத்தியானம் ட்ரூ ஓ பீஷ் பீச். கடல் அமைதியா இருக்கும், மரத்து நிழல் இருக்கு. ரெண்டரைக்கு அங்கேர்ந்து கெளம்பிடுங்க.

வண்டி பேசுற விஷயம். விலைய ஆள் கணக்குல பேசாதீங்க, வண்டி கணக்குல பேசுங்க. ஆறு பேரு சாதாரண டாக்ஸில அடங்க மாட்டீங்க, வேன் கேக்கணும். எந்த எந்த இடம், எத்தன மணிக்கு திரும்பணும், மொத்தம் எவ்வளவு, எந்தப் பணம்னு வாட்ஸ்அப்புல எழுத்துல வாங்கிக்குங்க. மீட்டர் போடுவாங்கன்னு எதிர்பாக்காதீங்க. லைசென்ஸ் டாக்ஸின்னா நம்பர் பிளேட் வெள்ளையில கறுப்பு எழுத்தா இருக்கும், சொந்த காரு கறுப்புல வெள்ளை. டெர்மினல் வெளில "நான் சும்மா கூட்டிட்டுப் போறேன் மேடம்"னு சொந்தக் கார்ல வர்றவன்கிட்ட ஏறாதீங்க, ஏதாவது ஆனா இன்சூரன்ஸ் தலவலி. "கடைக்கு நிறுத்தக் கூடாது"ன்னும் முன்கூட்டியே சொல்லிடுங்க. கப்பல் பொம்மை கடை, நகைக்கடைன்னு கொண்டுபோய் விடுவாங்க, நீங்க வாங்குறதுல டிரைவருக்கு கமிஷன், போற நேரம் உங்களது. பணத்த கடைசில டெர்மினல் வாசல்ல இறங்கும்போது குடுங்க.

ராண்ட் இங்க டாக்ஸில செல்லாது, கோடான்ல ஏடிஎம்ல ரூபா எடுத்துக்குங்க. நோட்டுல தமிழ் எழுத்து இருக்கும், அத பாத்து மாமியார் கண்டிப்பா ஒரு நோட்ட செலவு பண்ணாம பைக்குள்ள வெச்சுக்குவாங்க பாருங்க.

பிப்ரவரிங்கிறதால தேதிய காலண்டர்ல வெச்சுப் பாருங்க. தைப்பூசக் காவடியும் மகா சிவராத்திரியும் இங்க அரசு விடுமுறை, அன்னைக்கு மியூசியம், ஆபீஸ் மூடியிருக்கும். சிவராத்திரிக்கு முன்னாடி சில நாள் கிராண்ட் பாசினுக்கு லட்சக்கணக்குல ஜனங்க நடந்து போறதால ரோடு அடைச்சுக் கெடக்கும். காவடி நாள்ல வந்தா தோட்டத்த விட்டுட்டு கோயில்லயே இருங்க, அதவிட நல்ல டூர் எவனும் விக்க மாட்டான்.

கேள்வி: அதே கப்பல் ரீயூனியன்ல நிக்கும்போது கார் வாடகைக்கு எடுத்து எரிமலைக்குப் போய்ட்டு வந்துடலாமா? (மேல எழுதின அக்காவோட தம்பி)

பதில்: வேணாம் தம்பி. கப்பல் கட்டுறது லெ போர், வடமேற்கு மூலை. எரிமலை பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் தென்கிழக்கு. ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரத்துக்கு மேல, அதுவும் மலை ரோடு, காலைல பத்து மணி தாண்டினா பெரும்பாலும் மேகம் மூடிடும். டர்பன்லயும் மொரிசியஸ்லயும் இடது பக்கம் ஓட்டிட்டு அங்க வலது பக்கம் மாறணும். எரிமலைதான் வேணும்னா அந்த ஒரு நாளைக்கு மட்டும் கப்பல்காரன் டூர எடுங்க, நான் காசு மிச்சம் பண்ண சொல்ற ஆளுதான், ஆனா இங்க அந்த உத்தரவாதத்துக்கு மதிப்பு இருக்கு. இல்லன்னா பக்கத்துல சாந்-போல் சந்தை, வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமை காலையும். குளிக்கணும்னா லெர்மிதாஜ் லகூனுக்குள்ள (பவளப்பாறைக்கு உள்பக்கக் கடல்) மட்டும், வெளில சுறா பயத்தால 2013லேர்ந்து தடை. காசு யூரோ. யாருக்கு விசா வேணும்னு ஒவ்வொரு பாஸ்போர்ட்டா கப்பல் கம்பெனிகிட்ட எழுத்துல கேட்டுக்குங்க.

கேள்வி: அண்ணா, நான் எழுதுறது பீனிக்ஸ்லேர்ந்து, டர்பன்ல இருக்கிற பீனிக்ஸ்தான். போன வருஷம் மொரிசியஸ்ல ஒரு படகு டூருக்கு முன்பணம் கட்டினேன், புயல் எச்சரிக்கைனால கப்பல் துறைமுகத்துக்கே வரல. பணம் திருப்பித் தர முடியாதுன்னுட்டாங்க. கப்பல்ல புக் பண்ணவங்களுக்கு முழுசா திரும்பி வந்துடுச்சு. என்ன வழி?

பதில்: நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் புயல் காலம், உங்க கப்பல் சீசனும் அதேதான், அதனால கப்பல் ஒரு துறைமுகத்த தாண்டிப் போறது அதிசயம் இல்ல. முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுத்துல வாங்கணும்: கப்பல் வரலன்னா முழுப்பணமும் திரும்பத் தருவோம். கப்பல் ஆளுங்கள வெச்சு தொழில் பண்றவன் இதுக்கு யோசிக்காம சரிம்பான், தயங்குறவன விட்டுடுங்க.

இப்போ உங்க விஷயம். கார்டுல கட்டியிருந்தா உடனே பேங்குக்கு போயி சேவை கிடைக்கலன்னு பணத்த திரும்பக் கேட்டு புகார் (டிஸ்ப்யூட்) போடுங்க, அதுக்கு கெடு உண்டு, ஒரு வருஷம் ஆகியிருந்தா கஷ்டம், ஆனாலும் கேளுங்க. புக்கிங் மெயில்ல ரத்து நிபந்தனைய முதல்ல படிச்சுடுங்க, "தர மாட்டோம்"னு நேராவே எழுதியிருந்தா உங்க பக்கம் பலம் கம்மி. ஒண்ணுமே எழுதலன்னா கப்பல் வரலங்கிறதுக்கு கப்பல் கம்பெனி அனுப்பின கடிதத்த சேத்து திரும்ப ஒரு தடவ கேளுங்க. மொரிசியஸ்ல உல்லாசப் படகு நடத்தணும்னா டூரிசம் அத்தாரிட்டி லைசென்ஸ் வேணும், அவங்களுக்கே புகார் எழுதலாம். பேங்க் டிரான்ஸ்ஃபர்ல கட்டியிருந்தா நேரா சொல்லிடுறேன், ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க. அடுத்த தடவ பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது துறைமுகம் தவறினா ஈடு உண்டான்னு கேட்டு எடுங்க, சில பாலிசில இருக்கு, பலதுல இல்ல.