விடியற்காலையில் சுருதி இறங்கும் குழாய்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஓர் ஊரில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். வீடு கட்டி மீந்த பிவிசி குழாயை, வீடியோவில் பார்த்த அளவுப்படி அறுத்து, தட்டி வாசிக்கும் குழாய்கள் ஆறு செய்தோம். மோகனத்துக்கு வேண்டிய சுரங்கள். பகல் ஒத்திகையில் பஜனை மடத்து ஆர்மோனியத்தோடு நன்றாகச் சேர்ந்தது. மார்கழி விடியலில் வாசித்தால் சேரவே இல்லை. ஆர்மோனியம் வாசிக்கும் தாத்தா, "மலையில காத்து மெலிசும்மா, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். பழைய பெயின்ட் டப்பாவில் ஆட்டுத்தோல் கட்டிய மேளமும் காலையில் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் காதும் சரி, கையும் சரி. குளிர்தான் காரணம்.

இதில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் ஒரு மே மாதம், வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து எட்டுக் குழாய் அறுத்து, ட்யூனரில் சரிபார்த்து, சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக் குன்னூர் கொண்டுவந்தேன். இறங்கித் தட்டிப் பார்த்தால் எட்டும் இறங்கியிருந்தன. அறுவையில்தான் தப்பு என்று நினைத்து வேறொரு குழாய் வாங்கி, அதே அளவில், இன்னும் கவனமாக மறுபடி அறுத்தேன். அதுவும் அப்படியே இறங்கி ஒலித்தது. எட்டும் ஒரே அளவு இறங்கியிருக்கின்றனவே என்று உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

தாத்தா சொல்வது பாதி உண்மை. மலையில் காற்று மெலிசுதான். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால்வாசிதான். ஆனால் அழுத்தம் எந்த அளவுக்குக் குறைகிறதோ, காற்றின் அடர்த்தியும் அதே அளவுக்குக் குறைகிறது. ஒலியின் வேகம் இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது; அதனால் உயரம் மட்டும் அதை மாற்றாது. மாற்றுவது வெப்பநிலை. 0 டிகிரியில் ஒலி நொடிக்கு 331.3 மீட்டர் போகும். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 0.6 மீட்டர் கூடும். குழாய் அதே நீளம், உள்ளே ஓடும் ஒலி மட்டும் மெதுவானால் சுருதி இறங்கத்தானே செய்யும்?

குளிரில் குழாய் சுருங்குவதால் இப்படி ஆகிறது என்று சிலர் சொல்வார்கள். சுருங்கினால் குழாய் குட்டையாகும், குட்டையானால் சுருதி ஏற வேண்டும். நடப்பது நேர்மாறு. அந்தச் சுருக்கம் இவ்வளவு நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது, விட்டுவிடலாம். பனிமூட்டத்தின் ஈரமும் அப்படித்தான், காதுக்கு எட்டாது.

நீங்கள் பார்த்த வீடியோ வெக்கையான ஊரில் எடுத்ததாக இருக்கும். 28 டிகிரிக்குக் கணக்குப் போட்டு அறுத்த, ஒரு கட்டை சுருதியின் (ஆர்மோனியத்தில் C) ‘ச’ குழாயை எடுத்துக்கொள்வோம். கோத்தகிரிப் பகலில் 22 டிகிரி இருந்தால், அது அரைச்சுரத்தில் (ஆர்மோனியத்தில் கறுப்பும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) ஐந்தில் ஒரு பங்கு இறங்கியிருக்கும். பிள்ளைகளின் சத்தத்தில் யாருக்கும் தெரியாது. அதே குழாய் 8 டிகிரி விடியலில் அரைச்சுரத்தில் ஐந்தில் மூன்று பங்கு இறங்கும். அதை மறைக்க முடியாது. ஆர்மோனியத்தின் பித்தளை நாக்குகளோ குளிருக்கு அவ்வளவாகச் சுருதி மாறுவதில்லை. புல்லாங்குழலை வாசிப்பவர் மூச்சே சூடாக்கிவிடும். தட்டும் குழாய்க்கு மூச்சும் இல்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான்: குழாய்களைக் குளிருக்கு அறுங்கள், வெயிலுக்கு நீட்டிக்கொள்ளுங்கள். நீளத்தைக் கூட்டுவது சுலபம்; வெட்டியதை ஒட்டத்தான் முடியாது. உங்கள் பழைய குழாய்கள் தேவைக்கு மேல் நீளமாகத்தான் இருக்கின்றன, ஆகவே புதிதாக வாங்க வேண்டாம், அவற்றையே குறைக்கலாம்.

கணக்கு இப்படி. இரண்டு பக்கமும் திறந்த குழாய்க்கு, ஒலியின் வேகத்தைச் சுரத்தின் அதிர்வெண்ணால் வகுத்து, வந்ததைப் பாதியாக்குங்கள். அதிலிருந்து குழாயின் உள்விட்டத்தில் 0.6 பங்கைக் கழியுங்கள். ஏன் கழிக்கிறோம் என்றால், உள்ளே ஆடும் காற்று குழாயின் வாயோடு நின்றுவிடுவதில்லை, இரு பக்கமும் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கிறது. இதை மறந்துவிட்டு, சுரம் ஏன் சேரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

36 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்கு, 10 டிகிரிக்கு, ஒரு கட்டை சுருதியில் நான் போட்ட அளவுகள்: ச 62.3 சென்டிமீட்டர், ரி 55.2, க 49.0, ப 40.8, த 36.1, மேல் ச 30.0. ஆறும் சேர்ந்து 273 சொச்சம். புதிதாக அறுப்பதானால் 10 அடிக் குழாய் ஒன்றில் அடங்கிவிடும். உங்கள் குழாயின் உள்விட்டம் வேறாக இருந்தால் கழிக்கும் பங்கு மாறும், எனவே முதலில் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். எதையும் அரை சென்டிமீட்டர் கூடுதலாக அறுத்து, பிறகு உப்புத்தாளில் தேய்த்துக் குறையுங்கள். அந்த மடத்து ஆர்மோனியமே பழசாகிக் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். பிள்ளைகள் சேர வேண்டியது அதோடுதான், என் கணக்கோடு அல்ல. தேய்க்கும் வேலையை ஒரு குளிர்ந்த காலையில், ஆர்மோனியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அறுக்கும்போது குழாயைச் சுற்றி ஒரு தாளை, ஓரம் ஓரத்தோடு பொருந்தும்படி சுற்றினால் நேர்கோடு கிடைக்கும். ஆக்சா பிளேடு போதும். உங்கள் மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறியபின் நீட்டுவதற்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கிறதே, அதை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டிக் குழாயின் ஒரு முனையில் இறுக்கமாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் வெட்டலாம்தான், நம் மாவட்டத்தில் இருக்கும் தடைக்கு அது கையில் கிடைக்காமல் இருப்பதே நல்லது. இந்த உறையை வெளியே இழுத்தால் குழாய் நீளும், சுருதி இறங்கும். ‘ச’ குழாய்க்கு ஒரு டிகிரிக்கு 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இழுக்க வேண்டும். மேல் ‘ச’வுக்கு அதில் பாதி. 10 டிகிரியிலிருந்து 22 டிகிரிக்கு வந்தால் ‘ச’வை 1.4 சென்டிமீட்டர் நீட்டினால் போதும். பிள்ளைகளிடம் ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்து, உறையில் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். சுருதி சேர்ப்பது அவர்கள் வேலையாகிவிடும்.

தட்டுவது உள்ளங்கையிலோ தொடையிலோ இருக்கட்டும். தட்டும்போது ஒரு வாயை முழுதாக மூடிவிட்டால் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். பெரிய குழாய் இல்லாமலே மந்தர ஸ்தாயி வேண்டும் என்றால், அதையே மூடி போட்டு வேண்டுமென்றே செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. பறையைக் காய்ச்சுகிற பழக்கத்தில் யாராவது குழாயையும் தணலில் காட்டலாம் என்பார்கள். கூடாது. பிவிசி 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், கருகினால் வரும் புகை நஞ்சு. கம்பளியில் சுற்றி வைத்தாலும் பயனில்லை. வெளியே எடுத்து நாலு தட்டுத் தட்டுவதற்குள் உள்ளே இருந்த காற்று மாறிவிடும்.

மேளத்தின் கதை வேறு. அங்கே குற்றவாளி குளிரைவிட ஈரம். தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்கிறது. அதனால்தான் வாசிக்கும் முன் பறையைத் தீயில் காட்டுகிறார்கள். பொழுது விடியுமுன் பிள்ளைகளை நெருப்பு மூட்டச் சொல்ல முடியாது. தோலைக் கழற்றிவிட்டு இரண்டு அங்குலப் பேக்கிங் டேப்பை ஒட்டுங்கள். டப்பாவின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, வாயின் குறுக்காக இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் மூன்று விரல் இறக்கி, முதல் பட்டையில் பாதியை அடுத்தது மூடும்படி, திசை மாற்றி மாற்றி மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும். தோலின் நாதம் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈரத்துக்குத் தளராது. நடுப்பகல் வெயிலில் டப்பாவை நன்றாகத் துடைத்துக் காயவைத்து ஒட்டுங்கள். குளிர்ந்த, ஈரமான தகரத்தில் பசை பிடிக்காது.

புதிதாக 10 அடிக் குழாயில் அறுத்தால் மீதி ஒரு சாணுக்குச் சற்று மேல் துண்டு நிற்கும். அதை எறிய வேண்டாம். கவாத்து பார்க்காமல் விட்ட தேயிலைச் செடிகளில் காய் பிடித்திருக்கும், அந்த விதையில் ஒரு பிடி உள்ளே போட்டு இரு முனையையும் அடைத்துவிட்டால் குலுக்கி வாசிக்கலாம். எட்டு டிகிரியானாலும் இருபத்தெட்டு டிகிரியானாலும் அதற்குச் சுருதித் தகராறு கிடையாது.