உணவுக் கேள்வி பதில்: காய்கறி வாடுகிறது, சிப்ஸ் தீர்கிறது

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கான காய்கறியும் பழமும் ஆசையாக வாங்கி அடுக்குகிறேன். புதன்கிழமை மாலை வேலை முடிந்து வந்தால் கையில் சிப்ஸ் பாக்கெட்தான். சனிக்கிழமை வாடிய காய்களைக் குப்பையில் கொட்டுகிறேன். எது நல்லது என்று தெரிந்தும் ஏன் இப்படி? எனக்கு மனவுறுதி இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அந்த மனவுறுதியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இருபது ஆண்டுகளாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். "காய்கறி நல்லது என்று எனக்குத் தெரியாதே" என்று சொல்லி என் முன்னால் உட்கார்ந்தவர் ஒருவர்கூட இல்லை.

காய் வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமைக்காரி. வயிறு நிறைந்து, நிதானமாக இருப்பவர். சாப்பிட வேண்டியவரோ புதன்கிழமைக்காரி. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், அடுத்த வாரத்துக்கு என்ன தின்பண்டம் வேண்டும் என்று அலுவலக ஊழியர்களிடம் கேட்டார்கள். பழம் கேட்டவர்களில் பலர், அந்த நாள் வந்து மீண்டும் கேட்டபோது மனம் மாறிவிட்டார்கள். அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். சிலரை இரண்டு இலக்க எண்ணையும் சிலரை ஏழு இலக்க எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி, கேக்கா பழக்கலவையா என்று கேட்டார்கள். ஏழு இலக்கத்தைச் சுமந்தவர்கள்தான் அதிகமாகக் கேக்கின் பக்கம் போனார்கள். மாலையில் வீடு திரும்பும்போது உங்கள் தலையில் எத்தனை இலக்கங்கள் இருக்கும்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்த காலத்தில், பகலில் நோயாளிகளிடம் "சர்க்கரையைக் குறையுங்கள்" என்று சொன்ன இதே வாய், அதிகாலை மூன்று மணிக்கு க்ரீம் பிஸ்கட்டை நின்றபடியே தீர்த்திருக்கிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும் என்று வகுப்பில் படித்தவள்தான் நான். படிப்பு அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

பாக்கெட்டுக்கு இன்னொரு வசதியும் உண்டு: நறுக்க வேண்டாம், வேக வைக்க வேண்டாம், மெல்லக்கூட அதிகம் வேண்டாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்தித் தயாரித்த உணவும் இரண்டு வாரம் எளிய சமையலும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவின்போது வேகவேகமாகச் சாப்பிட்டார்கள். நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. போதும் என்று வயிறு சொல்வதற்குள் தட்டு காலி.

ஆகவே புதன்கிழமைக்காரியைத் திட்டாதீர்கள். அவர் செய்ய வேண்டிய வேலையை ஞாயிற்றுக்கிழமைக்காரியே செய்து வைக்கட்டும். கேரட்டை நறுக்கித் தண்ணீரில் போட்டு, குளிர்பெட்டியில் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் தட்டில் வையுங்கள். நான்கைந்து முட்டைகளை அவித்து வையுங்கள். அடித் தட்டில் ஒளிந்திருக்கும் காயை, களைத்து வந்தவர் குனிந்து தேட மாட்டார். வேலையிடத்தில் நான்கு மணிக்கு ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டால், ஆறு மணிப் பசி அவ்வளவு மூர்க்கமாக இருக்காது.

சிப்ஸை அடியோடு விட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு, பாக்கெட்டைச் சமையலறையிலேயே மடித்து வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.