கலைந்துபோன தேர்ட் லனார்க் கால்பந்துக் கழகத்தின் மைதானம் என்ன ஆனது?

சொந்த மைதானம் என்றால் ஒரு கழகம் தன் ஊர் ஆட்டங்களை வழக்கமாக ஆடும் இடம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துத் தேர்ட் லனார்க்குக்கு அது கேத்கின் பார்க். அதற்கு முன் குயின்ஸ் பார்க் கழகம் அங்கே ஆடியது. அப்போது பெயர் ஹாம்ப்டன் பார்க். 1903-இல் அவர்கள் வேறு இடத்துக்குப் போனபோது பெயரையும் எடுத்துப் போய்விட்டார்கள், வீடு மாறுபவர் வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போவதுபோல.

1967-இல் தேர்ட் லனார்க் கலைந்தது. ஆட்டத்தைவிட நிர்வாகம்தான் கெட்டது. 1960-61 பருவத்தில்கூட லீக்கில் 100 கோல் அடித்த அணி அது! மைதானம் அப்புறம் பொதுப் பூங்காவானது. மூன்று பக்கமும் ரசிகர்கள் நின்று பார்த்த படிகள் இன்னும் இருக்கின்றன, சுற்றிலும் மரங்கள்.

இன்றைய ஹாம்ப்டன் பார்க்கும் இதுவும் ஒன்றே என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அது பக்கத்தில் உள்ள வேறு மைதானம்.