மதத் தீவிரவாதத்தைத் தடுக்கப் பேச்சுரிமையைச் சுருக்கலாமா?

தாராளவாத ஜனநாயகங்கள் மதத் தீவிரவாதத்துக்கு அஞ்சிப் பேச்சுரிமைக்கு எல்லை வகுக்க வேண்டுமா என்பது கேள்வி. எல்லை வேண்டும். ஆனால் மனிதர்கள் மீது வன்முறையைத் தூண்டும் இடத்தில் அது வரையப்பட வேண்டுமேயன்றி, மத உணர்வு புண்படும் இடத்தில் அல்ல.

அமெரிக்க உயர் நீதிமன்றம் 1969 இல் பிராண்டன்பேர்க் வழக்கில், உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் அது நிகழும் வாய்ப்பும் சேர்ந்திருந்தால் மட்டுமே அத்தகைய பேச்சைத் தண்டிக்கலாம் எனத் தீர்த்தது. டென்மார்க்கோ 2017 இல் மத நிந்தனைக் குற்றத்தை நீக்கிவிட்டு, குர்ஆன் எரிப்புச் சம்பவங்களால் எழுந்த நெருக்கடியில், மத நூல்களைப் பகிரங்கமாக அவமதிப்பதை 2023 இல் மீண்டும் குற்றமாக்கியது. அந்த எரிப்புகளை நான் அருவருக்கிறேன். ஆயினும் மிரட்டல் வந்தபின் சட்டம் வளைந்தால், மிரட்டுவோர் அதிலிருந்து பாடம் கற்கவே செய்வார்கள்.

கொழும்பில் வாழும் எனக்கு இது தொலைநாட்டு விவாதம் அல்ல. ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் என இங்கே அறியப்படும் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், பகைமையையோ வன்முறையையோ தூண்டும் மத வெறுப்புப் பரப்புரைக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 2014 ஜூனில் அளுத்கமவில், கடும்போக்குப் பௌத்த அமைப்பான பொது பல சேனாவின் கூட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராகப் பகிரங்கமாக முழங்கப்பட்டு, அன்றே கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டபோது, அச்சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகியிருந்தன. மேடையில் முழங்கியவர்களை அது தடுக்கவில்லை. ஆனால் பௌத்த விகாரைக்குள் நிகழும் பாலியல் துஷ்பிரயோகத்தைத் தொட்டுச் சென்ற ஒரு சிறுகதைக்காக, சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 இல் அதே சட்டத்தின் கீழ் கைதாகி, ஏறத்தாழ நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். மறு ஆண்டில், முஸ்லிம் எதிர்ப்புப் பரப்புரையைப் பேனாவும் விசைப்பலகையும் கொண்டு எதிர்க்கும் கருத்தியல் ஜிஹாத் வேண்டும் என முகநூலில் எழுதிய ரம்சி ராசிக் ஐந்து மாதங்கள் அடைபட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023 இல்தான் தீர்ப்பளித்தது. உணர்வை அளவுகோலாக்கினால் எண்ணிக்கையில் பெரிய சமூகத்தின் உணர்வே பாரமாகத் தெரியும். பொலிஸாரும் அந்தப் பக்கமே சாய்வார்கள்.

அப்படியானால் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பேச விட்டிருக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அன்று தாக்கப்பட்ட கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய் தவறாமல் போகும் சைவ அயலவர்களும் என்னிடம் அதைக் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அவர் வெறுப்புப் பேச்சோடு நிற்கவில்லை. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் நடந்த மோதலுக்குப் பின் தலைமறைவானவர் அவர். அவரைப் பற்றி அங்குள்ள முஸ்லிம்களே முறையிட்டிருந்தார்கள். 2019 ஏப்ரலில் இந்தியப் புலனாய்வு எச்சரிக்கையும் வந்தது. அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்ததற்காகவே முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உள்ளிட்டோர் இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. குறைவாக இருந்தது சட்டம் அல்ல, அதைச் செயற்படுத்தும் அக்கறைதான்.

வெறுப்புப் பேச்சைக் குற்றமாகக் கொள்ளுமுன் சூழல், பேசுபவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கம், பரவல், தீங்கின் வாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது ஐ.நா.வின் 2012 ரபாத் செயற்றிட்டம். கைதுக்கு முன்பே பொலிஸார் இவற்றைச் சட்ட மா அதிபரிடம் நிறுவ வேண்டும் என்று விதித்தாலே, மேலே சொன்ன இரு கைதுகளும் நடந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், மத உணர்வைப் புண்படுத்தும் பொய்க்கூற்றையும் குற்றப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. திருத்தத்தை அந்தப் பிரிவிலிருந்து தொடங்கலாம்.