மெனுவை வாடிக்கையாளரே மாற்ற: கேள்வி-பதில்

வேர்ட்பிரஸில் (தளம் கட்டும் மென்பொருள்) செய்துகொடுத்த தளம். வாடிக்கையாளர் புதுப் பக்கம் போடுகிறார், மெனுவில் வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் போன் செய்கிறார்.

பக்கம் வேறு, மெனு வேறு. இதைச் சொல்லிக்கொடுக்காமல் தளத்தை ஒப்படைத்தது உங்கள் தவறு. புதிய பக்கங்களைத் தானாகச் சேர்க்க மெனு திரையிலேயே ஒரு டிக் உண்டு, ஆனால் அதைப் போட்டால் 'நன்றி' பக்கம், விதிமுறைப் பக்கம் எல்லாம் மெனுவில் வந்து உட்காரும். உங்கள் எதிரில் அவரே ஒரு தடவை சேர்த்து, நகர்த்தி, நீக்கிப் பார்க்கட்டும்.

பக்கத்தின் முகவரியை மாற்றினால் மெனு இணைப்பு உடைகிறது.

கஸ்டம் லிங்க்காக, அதாவது முகவரியைக் கையால் எழுதிப் போட்டிருப்பீர்கள். பக்கப் பட்டியலிலிருந்து சேருங்கள், முகவரி மாறினால் இணைப்பும் கூடவே மாறும்.

எடிட்டர் கணக்கு (உள்ளடக்கத்தை மட்டும் திருத்தும் பதவி) கொடுத்தேன், அவருக்கு மெனு திரையே தெரியவில்லை. அட்மின் கொடுத்துவிடட்டுமா?

கொடுக்காதீர்கள். மாதத்துக்கு நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள், பாதிப் பேர் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். எடிட்டருக்கு மெனு தெரியாததற்குக் காரணம், 'எடிட் தீம் ஆப்ஷன்ஸ்' என்ற ஒரே ஒரு அனுமதி அந்தப் பதவிக்கு இல்லாததுதான். அதை மட்டும் சேர்த்தால் போதும். சேர்க்கும் கோட் ஒரு தடவை ஓடினாலே டேட்டாபேஸில் பதிந்துவிடும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓடத் தேவையில்லை. அதோடு விட்ஜெட்டும் (பக்க ஓரத்துப் பெட்டிகள்) கஸ்டமைசரும் (தோற்றத்தை மாற்றும் திரை) திறக்கும், பிளாக் தீம் (எல்லாப் பகுதியையும் எடிட்டரிலேயே மாற்றக்கூடிய தோற்ற வார்ப்பு) என்றால் ஹெட்டர், ஃபுட்டர் வரை கை போகும், அதனால் அவர் தொடக் கூடாததைப் பூட்டிவிட்டுக் கொடுங்கள். அட்மினிடமோ பிளகின் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்), தீம், பயனர் கணக்குகள் என்று எல்லாமே இருக்கும். நான் செய்துகொடுத்த ஒரு தளத்தில் எழுத்துப்பிழை திருத்தப் போனவர் வேறு தீமுக்கு மாற்றிவிட்டார், மெனு இடம் மாறி, விட்ஜெட் எல்லாம் கலைந்து, அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு இரவு போனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பொத்தான் அவர் கண்ணில் பட்டிருக்கவே கூடாது. முதலில் பேக்கப், அப்புறம் அனுமதி.

மெனு வேலை செய்யவில்லை. அவசரம்.

எந்த மென்பொருள், எந்த வெர்ஷன், என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது? இது எதுவுமே கடிதத்தில் இல்லை. கேஷை (சேமித்து வைத்த பழைய நகலை) அழித்துப் பாருங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் முழுதாக எழுதுங்கள்.

புது தீம் போட்டபின் 'தோற்றம்' பகுதியில் மெனுவைக் காணோம்.

அது பிளாக் தீம், 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 முதல் இந்த வழி. மெனு இப்போது தள எடிட்டருக்குள் இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் பழைய திரைதான் பழக்கம் என்றால், ஒப்படைத்தபின் தீம் மாற்றுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

90, 100 இணைப்புகள் உள்ள மெனு. சேமித்தால் கடைசியில் இருப்பவை காணாமல் போகின்றன.

பழைய வேர்ட்பிரஸாக இருக்கும், 2016-இல் வந்த 4.5.3-இல் இது சரிசெய்யப்பட்டது, முடிந்தால் புதுப்பியுங்கள். வேர்ட்பிரஸ் ஓடும் மொழியான பிஎச்பியில், ஒரு தடவைக்கு ஏற்கும் புலங்களின் வரம்பான 'மேக்ஸ் இன்புட் வார்ஸ்' வழக்கமாக 1000. ஒவ்வொரு இணைப்பும் பத்துக்கு மேல் புலங்களை அனுப்புகிறது, அதனால் அந்தப் பழைய பதிப்புகளில் வரம்பு தாண்டியதும் மிச்சம் சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். புதுப்பிக்க முடியாவிட்டால் 3000 ஆக்குங்கள், அதற்கு முன் பேக்கப். ஆனால் நூறு இணைப்பை எந்த வாடிக்கையாளரும் பயமில்லாமல் தொட மாட்டார். மேலே ஏழெட்டு வைத்துக்கொண்டு மற்றதை உள்பக்கங்களுக்குத் தள்ளுங்கள்.

அவர் ஐந்து அடுக்கு துணைமெனு போடுகிறார்.

தீமில் 'டெப்த்' (எத்தனை அடுக்கு காட்டுவது) அளவை 2 என்று வையுங்கள். அதற்குக் கீழே அவர் இழுத்துவிட்டாலும் தளத்தில் தெரியாது, அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் போன் வரும்.