அமெரிக்கன் சின்சில்லா முயல் ஜோடிக்கு நீலக் குட்டியும் கறுப்புக் குட்டியும் பிறந்தால் அது கலப்பினமா?

இல்லை. நீங்கள் எழுதியபடி ஈற்றில் 8 குட்டிகள்: 5 சின்சில்லா, 2 நீலச் சாம்பல், 1 வயிறு வரை கறுப்பு. நீலமும் கறுப்பும் தூய சின்சில்லாவுக்குள் பல தலைமுறை ஒளிந்தே வரக்கூடியவை. இவை ஒடுங்கு பண்புகள், வெளியே தெரிய ஜீனின் இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தகப்பனிடமிருந்து. ஆகவே உங்கள் ஜோடியில் இரண்டுமே இந்த இரண்டு ஜீன்களையும் சுமக்கின்றன. ஆண் முயலை மட்டும் விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். பாதிப் பிரச்சினை கூண்டிலேயே இருக்கிறது.

வேறு ஆண் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது வேறு. காட்டு முயல் போன்ற பழுப்புக் குட்டியோ, வெள்ளையில் திட்டுத்திட்டாக நிறம் உள்ள குட்டியோ பிறந்தால் அது கலப்பு. அவை ஓங்கு பண்புகள், ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும், சின்சில்லாவுக்குள் ஒளிய முடியாது. முன்பு ஒருமுறை வேறு இன ஆணோடு சேர்ந்த பெண் முயல் ‘கெட்டுப்போய்விட்டது’, இனி தூய குட்டி போடாது என்பதும் வெறும் பேச்சு. ஒவ்வோர் ஈற்றும் அந்தந்தச் சேர்க்கையின் கணக்குதான்.

இந்த ஜீன்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இனத்தின் வரலாறே பதில். டிபோவ்ஸ்கி என்ற பிரெஞ்சுக்காரர் பல இனங்களைக் கலந்து உருவாக்கிய சின்சில்லா 1913இல் காட்சிக்கு வந்தது. 1919இல் அமெரிக்கா போனது. ரோமத்துக்கும் கறிக்கும் பெரிய உடம்பு வேண்டும் என்று அங்கே எடை கூட்டி வளர்த்ததுதான் அமெரிக்கன் சின்சில்லா: ஆண் 9–11 பவுண்டு, பெண் 10–12 பவுண்டு. ரோமச் சந்தை சரிந்த பின் இனமும் அருகிவிட்டது. அமெரிக்கன் சேபிள், சில்வர் மார்ட்டன் ஆகிய இரண்டு இனங்களும் சின்சில்லா ஈற்றுகளில் வந்த ‘தப்பு நிற’ குட்டிகளிலிருந்து கிளைத்தவைதான்.

நிற ஜீன்கள் ஒளியக்கூடிய இடங்கள் நான்கு: ‘சி’, ‘ஏ’, ‘பி’, ‘டி’ என்ற வரிசைகள். ‘சி’ வரிசையில் மேலிருந்து கீழாக முழு நிறம், சின்சில்லா, சேபிள், ஹிமாலயன், சிவப்புக் கண் வெள்ளை என ஐந்து படிகள். மேல்படி கீழ்ப்படியை மறைக்கும். சின்சில்லா முயலிடம் ஒரு பிரதி சின்சில்லா என்றால் மீதி ஒரே இடம். அதில் கீழுள்ள மூன்றில் ஒன்றுதான் ஒளியலாம். ‘ஏ’ வரிசையில் வளையம் உள்ள ரோமத்துக்குக் கீழே மார்ட்டன் வகையும் ஒரே நிறமும். உங்கள் கறுப்புக் குட்டி ஒரே நிறம். வயிறு வெள்ளையாக, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு இருந்திருந்தால் மார்ட்டன். ‘பி’யில் சாக்லேட். ‘டி’யில் நீலம், உங்கள் நீலச் சாம்பல் இரண்டும் இதுதான், அமெரிக்காவில் ‘ஸ்குரல்’ என்பார்கள். தமிழ்நாட்டுப் பண்ணைகளில் சோவியத் சின்சில்லாவும் ஒயிட் ஜெயன்ட்டும் கலந்த முயல்கள் உண்டு. ஒயிட் ஜெயன்ட் சிவப்புக் கண் வெள்ளை. அந்த வழியில் வந்த சாம்பல் ஜோடிக்கு வெள்ளைக் குட்டி பிறப்பதும் இதே கணக்குத்தான்.

நாலைந்து நாளிலேயே பெட்டியில் நிறம் பார்த்து எழுதிவிடுங்கள். வளைய ரோமக் குட்டிக்கு வயிறும் காதின் உட்புறமும் வெளிறியிருக்கும். ஒரே நிறக் குட்டி வயிறு வரை கறுத்திருக்கும். நீலம் ஸ்லேட் பலகை நிறம். வெள்ளையாகப் போவது ரோஸ் நிறத்திலேயே நிற்கும், மூடிய இமைக்கு அடியில் கருமை தெரியாது. செத்த குட்டியின் நிறத்தையும் எழுதுங்கள். பலருடைய நோட்டில் இல்லாதது அதுதான்.

அடுத்து, நன்றாக இருக்கும் அந்த 5 குட்டிகள். ஒவ்வொன்றும் நீலத்தைச் சுமக்க 3இல் 2 வாய்ப்பு, கறுப்புக்கும் அதே. இரண்டும் இல்லாமல் சுத்தமாக இருக்க 9இல் 1தான். ஐந்திலும் ஒன்றுகூடச் சுத்தமாக இல்லாமல் போக வாய்ப்பு பாதிக்கு மேல், அதனால் இவற்றைச் சோதித்துக்கொண்டு காலம் கடத்த வேண்டாம். பெற்றோரில் உடல்வாகு சிறந்ததை, சோதித்துச் சுத்தம் என்று தெரிந்த வேறு வம்ச வழி முயலோடு சேருங்கள். அந்த ஈற்றில் தப்பு நிறம் ஒன்றும் வராது, குட்டிகளில் 4இல் 1 இரண்டு ஜீனும் இல்லாமல் இருக்கும்.

சோதனைக்கு ஆள் உங்களிடமே பிறந்திருக்கிறது. நீலத்தில் ஒரு பெண்ணையும், கறுப்பு பெண்ணாக இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆணை நீலப் பெண்ணோடு சேர்த்து 7 குட்டிகளும் சின்சில்லாவாகவே வந்தால், அது நீலம் சுமந்தும் தப்பியிருக்க வாய்ப்பு 128இல் 1. கறுப்புப் பெண்ணோடும் அப்படியே. சுமப்பது உறுதியான சாதாரண முயலோடு சோதித்தால் இதே உறுதிக்கு 17 குட்டிகள் வேண்டும். ‘சி’ வரிசைக்கு நியூசிலாந்து வெள்ளை என்ற சிவப்புக் கண் வெள்ளை இனம் போதும்: பாதி வெள்ளை வந்தால் வெள்ளையைச் சுமக்கிறது, மூக்கும் காதும் மட்டும் கருத்தால் ஹிமாலயன், செபியா நிழல் தட்டினால் சேபிள். ‘ஏ’, ‘பி’, ‘டி’ மூன்றிலும் ஒடுங்கு பிரதிகளே உள்ள லைலாக் முயல் கிடைத்தால் ஒரே ஈற்றில் மூன்றும் தெரிந்துவிடும். குட்டிகள் பழுப்பாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். கறுப்போ சாக்லேட்டோ நீலமோ தலைகாட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் பெரிய ஆணைச் சின்னப் பெண்ணோடு சேர்க்காதீர்கள், குட்டி சிக்கிக்கொள்ளும். சோதனைக் குட்டிகள் எல்லாமே சுமப்பவை, இனவிருத்திக்கு விற்கக் கூடாது.

ரோமத் தரத்தைப் பார்க்க, உதிர்ந்து முடிந்து புது ரோமம் நிறைந்த முயலின் பக்கவாட்டில் வாயால் ஊதுங்கள். ரோமம் பூப்போல விரியும். நடுவிலிருந்து வெளியே அடர் ஸ்லேட் நீலம், முத்து நிறம், மெல்லிய கறுப்புக் கோடு, வெளிர் வளையம், அதன்மேல் கறுப்பு நுனிகள். வளையங்களின் விளிம்பு கலங்காமல் வெட்டினாற்போல் இருக்க வேண்டும். உதிரும் பருவத்திலும் வெயில் பட்ட ரோமத்திலும் பழுப்பு ஏறும். அதைப் பார்த்து நல்ல முயலைக் கழிக்காதீர்கள், அடுத்த ரோமம் வரும்வரை பொறுங்கள்.

கழிக்கும் வரிசையில் என் கருத்து இது: முதலில் பல் கோணல், விரை இறங்காத ஆண், குட்டியைப் பார்க்காத தாய். பிறகு தோளும் இடுப்பும் ஒட்டிய உடம்பு. நிறம் சுமப்பது கடைசி. நீலம் ஒரே ஒரு ஜீன், இரண்டு தலைமுறையில் கழற்றிவிடலாம். அகன்ற இடுப்பும் தாய்மைக் குணமும் பல ஜீன்களின் கூட்டு, போனால் இவ்வளவு சின்ன இனத்தில் திரும்ப வாங்க இடமில்லை. நிறத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று மகளை அப்பாவோடும் அண்ணனைத் தங்கையோடும் சேர்த்தால் ஒரே தலைமுறையில் உள்ளினச் சேர்க்கை 25%. ஒரு பெற்றோர் மட்டும் பொதுவானவற்றுக்கு 12.5%. மூன்று வழிகளைத் தனித்தனியாக வைத்து, பெண்களை அந்தந்த வழியிலேயே நிறுத்தி, ஆண் குட்டியை மட்டும் அடுத்த வழிக்கு நகர்த்துங்கள்.

விற்கும்போது அட்டையில் ‘நீலம், ஒரே நிறம் சுமக்கக்கூடும்’ என்று எழுதிக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும். ஆனால் வாங்கியவர் ஆறு மாதம் கழித்து ஒரு நீலக் குட்டியைப் படமெடுத்து அனுப்பிக் கலப்பினம் விற்றதாகச் சண்டைக்கு வர மாட்டார்.